சொற்பட்டியலும் வீட்டுக் கூடத்து ரூட்டரும்

தமிழில் இணையக் கலைச்சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. சர்வர் என்பதற்கு வழங்கி, சேவையகம், பரிமாறி என மூன்று சொற்கள் உண்டு. ரூட்டருக்குத் திசைவி, வழிச்செயலி; பிரவுசருக்கு உலாவி, மேலோடி; டொமைனுக்குக் களம், ஆள்களம்; வைஃபைக்கு அருகலை. அச்சு அகராதிகள், தமிழக அரசின் சொற்குவை, தன்னார்வலர் தொகுத்த விக்சனரி, மைசூருவிலிருந்து இயங்கும் பாரதவாணி என எங்குத் தேடினும் ஏதேனும் ஒரு சொல் அகப்பட்டுவிடும். எளிதில் அகப்படாதது ஒன்று உண்டு. வீட்டுக் கூடத்தின் மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெளிவாகச் சொல்லும் ஐந்து வாக்கியங்கள்.

இக்குறை தற்செயலாக நேர்ந்ததன்று. சொல்லை ஆக்கிவிட்டால் அறிவு தானே வந்து சேரும் என்று தமிழ்க் கல்விப்புலம் ஒரு நூற்றாண்டாக நம்பிவந்ததன் விளைவு அது. அந்த நம்பிக்கை தொடக்கத்திலேயே பிழையானது. இணையத்தைப் பொறுத்தவரை இன்று ஆபத்தானதும்கூட.

மைசூருவைச் சான்றாகக் கொள்ளலாம். மானசகங்கோத்ரி என்று குவெம்பு பெயரிட்ட பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, ஹுணசூர் சாலையில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. 1969 ஜூலை 17 அன்று தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் பொறுப்பில்தான் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் 2008 முதல் நடைபெறுகிறது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அறிவு நூல்களைக் கொண்டுவருவது அதன் நோக்கம். 2016இல் தொடங்கிய பாரதவாணி, அகராதிகளையும் கலைச்சொல் தொகுதிகளையும் பாடநூல்களையும் இணையத்தில் ஏற்றிவருகிறது. எழுத்துத் தரவும் பேச்சுத் தரவும் திரட்டும் மொழியியல் தரவுத் தொகுப்பகமும், பிற மாநில ஆசிரியர்களுக்குத் தமிழ் முதலிய தென்மொழிகளைக் கற்பிக்கும் தென்மண்டல மொழி மையமும் அதே நிறுவனத்தின் அங்கங்கள். ஒரு மொழியில் ஓர் அறிவுத் துறையை வேரூன்றச் செய்வதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்துள்ளன.

அதே நகரின் ஹெப்பாள் தொழிற்பகுதியில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மாபெரும் பயிற்சி வளாகம் உள்ளது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர் பலர் அங்குப் பயிற்சி பெறுகின்றனர். கணினி வலையமைப்பைப் பாடமாகப் படித்து வரும் அவர்களே விடுமுறையில் ஊருக்குச் சென்று, "இந்த ஐபி முகவரி என்றால் என்னடா?" என்று தாயார் கேட்கும்போது, "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்று நகர்ந்துவிடுவர். அவர்களுக்கு அன்பு குறைந்துவிடவில்லை. அறிந்ததைத் தமிழில் சொல்லும் வாக்கியம் அவர்களிடம் இல்லை. மொழியறிந்தோர் ஒரு வளாகத்திலும் வலையமைப்பை அறிந்தோர் மற்றொரு வளாகத்திலுமாக ஒரே நகரில் வாழ்கின்றனர். இடையில் நிற்கும் வீட்டுப் பயனரை இரு தரப்பாரும் காண்பதில்லை.

தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் 'அறிவு நூல்' என்பதற்குத் தரும் பொருளை இங்கு உற்றுநோக்க வேண்டும். உயர்கல்வியில் பாடமாக வைக்கப்படும் நூல்களே அதன் முதன்மைக் கவனம். பல்கலைக்கழக மாணவருக்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவு என்பது வகுப்பறைக்குள் நுழைந்தோர்க்கே உரியது என்ற முன்முடிவு அந்த வரையறைக்குள் ஒளிந்திருக்கிறது. ஓய்வூதியச் சான்றை இணையவழி அளிக்க வேண்டிய முதியவரும், கணவர் மறைந்தபின் வங்கிக் கணக்கைத் தாமே கையாள நேர்ந்த பெண்ணும், பேரனின் இணைய வகுப்புக்காக வீட்டுக்கு இணைப்பு வாங்கிய உழவரும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அவர்களுக்கான அறிவு நூல் எது என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை.

கல்விப்புலம் விட்ட வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்துவிடவில்லை. இணையச் சொற்களை வீட்டுப் பயனருக்குப் பொறுமையாக, பணிவாக, நல்ல தமிழில் விளக்குபவர் இன்று ஒருவர் இருக்கிறார். அவர் மோசடிக்காரர். "ஐயா, உங்கள் கணக்கின் சரிபார்ப்பு முடியவில்லை, நான் ஓர் இணைப்பு அனுப்புகிறேன், அதைத் தொடுங்கள், ஒரு செயலி இறங்கும், அதற்கு அனுமதி கொடுங்கள், இப்போது திரையில் ஆறு எண்கள் வரும்" என்று படிப்படியாக அவர் கற்பிக்கிறார். கேட்பவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை அவர் முன்னரே அறிந்திருக்கிறார். புரியாவிட்டால் மறுபடியும் சொல்கிறார். கடினமான கலைச்சொல்லைத் தவிர்க்கிறார். தேவைப்படும் இடத்தில் மட்டும், அச்சுறுத்துவதற்காகவே, ஒன்றைப் பயன்படுத்துகிறார். நல்லாசிரியருக்குரிய உத்திகள் யாவும் தீய நோக்கத்தின் கையில் சேர்ந்துவிட்டன.

இதற்கு மறுமொழியாக அரசும் வங்கிகளும் விழிப்புணர்வுச் செய்திகளை அனுப்புகின்றன. "இரகசிய எண்ணைப் பகிராதீர்", "அறியாத இணைப்பைத் தொடாதீர்" என்பன போன்ற தடைகளே அவற்றுள் பெரும்பாலானவை. தடைப்பட்டியலால் பயன் உண்டு. அதன் எல்லையும் குறுகியது. நேற்றைய சூழ்ச்சியை அது தடுக்கும். நாளைய சூழ்ச்சிக்கு அதில் இடமிராது. இணைப்பைத் தொடாதே என்று கற்றவர் கியூஆர் குறியீட்டை வருடுவார். அது இணைப்பின் மற்றொரு வடிவம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. செய்யாதே என்று மட்டும் கற்பிக்கப்பட்டவர், ஏன் செய்யக்கூடாது என்பதைத் தாமாக உய்த்துணர வேண்டும் என எதிர்பார்ப்பது எந்தக் கல்வி முறையிலும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். வங்கிகள் தம் இணையதளப் பெயர்களை '.பேங்க்.இன்' என முடியும் வடிவத்துக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அந்த ஈற்றின்கீழ்ப் பெயர் பதிவுசெய்து தரும் உரிமை ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்கே அளிக்கப்பட்டது. வங்கியல்லாத எவரும் அப்பெயரைப் பெற இயலாது. சிறந்த ஏற்பாடு. ஆயின் அதன் பயன் முழுவதும் ஒரே ஒரு திறனைச் சார்ந்துள்ளது. இணையப் பெயரின் எந்தப் பகுதியை முதலில் பார்க்க வேண்டும் என்பதை வீட்டுப் பயனர் அறிந்திருக்க வேண்டும்.

அந்தத் திறனைத் தமிழில் கற்பிப்பது கடினமன்று. அஞ்சல் முகவரி எழுதத் தெரிந்த எவருக்கும் அது பாதி தெரிந்ததே. வீட்டின் பெயர், தெரு, ஊர், மாநிலம் எனச் சிறியதில் தொடங்கிப் பெரியதில் முகவரி முடிகிறது. இணையப் பெயரும் அவ்வாறே. வலக்கோடியில் உள்ளது மாநிலம் போன்றது. அதற்கு முன்னுள்ளது ஊர் போன்றது. இடக்கோடியில் உள்ளது வீட்டின் பெயர். மன்னார்குடியில் வீடு கட்டிய ஒருவர் வாசலில் 'செங்கோட்டை, தில்லி' என்று பலகை மாட்டினால் அந்த வீடு தில்லிக்குப் போய்விடாது. கடிதம் மன்னார்குடிக்குத்தான் வரும். 'சேமிப்பு.பேங்க்.இன்' என்பது வங்கியின் பெயர். 'சேமிப்பு.பேங்க்.இன்.பரிசு.காம்' என்பதோ பரிசு.காம் என்ற பெயரை விலைக்கு வாங்கிய யாரோ ஒருவர் தம் வீட்டு வாசலில் மாட்டிய பலகை. புள்ளிக்குப் பதில் சிறு கோடு இட்டு 'சேமிப்பு-பேங்க்-இன்.காம்' என்று எழுதினாலும் அதுவே. பெயர் எங்கே முடிகிறது என்று அறிய, தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கடந்தபின் முதலில் எதிர்ப்படும் ஒற்றைச் சாய்கோட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு இடப்புறத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும்.

டொமைன் என்பதற்குக் களம் என்பதா, ஆள்களம் என்பதா என்று எத்தனை பக்கம் வாதிட்டாலும் இந்தத் திறன் பிறக்காது. முகவரியை வலமிருந்து படி என்ற ஒரு குறிப்பால் பிறக்கும். டிஎன்எஸ் என்ற பெயர்-எண் ஏற்பாட்டைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தபோது அதை இவ்வாறே படிநிலையாக அமைத்தார். மனிதர் நினைவிற் கொள்ளும் பெயரைக் கணினி பயன்படுத்தும் எண்ணாக அந்த ஏற்பாடு மாற்றித் தருகிறது. மாற்றும்போது கணினியும் வலக்கோடியிலிருந்தே வினவிக்கொண்டு வருகிறது. கணினி படிக்கும் முறையை மனிதருக்கும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அடுத்து, அச்சுறுத்தலுக்குப் பயன்படும் ஒரு சொல்லைப் பார்க்கலாம். 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் முதியோரை மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில், காணொளி அழைப்பின் முன் உட்கார வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் எச்சரிக்க நேர்ந்தது. அத்தகைய கைது சட்டத்தில் இல்லை. "உங்கள் ஐபி முகவரியிலிருந்து குற்றம் நிகழ்ந்திருக்கிறது" என்பது அக்கும்பல்கள் கையாளத்தக்க வசனம். கேட்பவர் நடுங்குவது, முகவரி என்ற சொல் தம் வீட்டு வாசலையே சுட்டுவதாக நினைப்பதால்.

ஐபி முகவரி என்பது என்ன? வலையில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று கண்டறியப் பயன்படும் எண். பழைய முறையான நான்காம் பதிப்பில் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் எண்களே உண்டு. உலகத் தொகுப்பிலிருந்து பகிர்ந்தளிக்க மிச்சமிருந்த எண்கள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயின. எனவே சேவை வழங்கும் நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து தரும் வழக்கம் பரவியது. வீட்டுக்குள் காணப்படும் 192.168 என்று தொடங்கும் எண்ணோ, மாடியறை, கொல்லைப்புறம் என்பன போன்ற உள்வீட்டு அடையாளம். அதே எண் இலட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும். ஆக, ஒரு பொது எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இன்ன ஆள் இன்ன குற்றம் செய்தார் என்று தொலைபேசியில் எவரும் அறிவித்துவிட முடியாது. அதற்கு நேரக்குறிப்பும் நிறுவனத்தின் பதிவேடும் முறையான விசாரணையும் வேண்டும். இவ்வளவு தெரிந்த ஒருவர் அந்த வசனத்தைக் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற உதவி எண்ணை அழைப்பார்.

மூன்றாவது எடுத்துக்காட்டு, மொழியியலாளர் வெட்கப்பட வேண்டியது. உலாவியின் முகவரிப் பட்டையில் பல்லாண்டு காலம் ஒரு பூட்டுச் சின்னம் இருந்தது. அதைப் 'பாதுகாப்பானது' என்று தமிழில் விளக்குவதே வழக்கம். பூட்டு உண்மையில் சொல்வது வேறு. பயனருக்கும் அந்தப் பெயருடைய தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் உள்ள மூன்றாமவர் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா, திருடரா என்பதைப் பற்றிப் பூட்டு வாய் திறப்பதில்லை. மறையாக்கச் சான்றிதழ் 2015 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. மோசடித் தளமும் அதைப் பெறலாம். திருடருக்கு அனுப்பிய கடிதத்தை வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதால் கடிதம் எழுதியவர் பிழைத்துவிட மாட்டார். பூட்டைப் பயனர்கள் நம்பகத்தன்மையின் முத்திரையாகத் தவறாகக் கொள்கின்றனர் என்று கண்டு, கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து அச்சின்னத்தை 2023 செப்டம்பரில் நீக்கியது. படத்தின் பிழையை நிறுவனம் ஒன்று ஆராய்ந்து திருத்திக்கொண்டது. 'பாதுகாப்பானது' என்ற சொல்லின் பிழையைத் தமிழ்ச் சொல்லாக்கக் குழுக்கள் ஆராய்ந்தனவா? வழியின் காவலையும் ஆளின் நேர்மையையும் ஒரே சொல்லால் குறித்தால் என்ன கேடு விளையும் என்பது சொற்பொருளியலின் அரிச்சுவடி.

ஃபயர்வால் என்பதைத் 'தீச்சுவர்' என்று ஆக்கியதும் இவ்வகையதே. ஒரு கட்டடத்தின் தீ அடுத்ததற்குப் பரவாமல் தடுக்க எழுப்பும் சுவரை அறிந்தவர்க்கு ஆங்கிலச் சொல் ஒரு படத்தைத் தருகிறது. தமிழ் வீட்டுக்குப் பழக்கமில்லாத அந்தச் சுவரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தபோது நெருப்பால் ஆன சுவர் என்ற விபரீதப் பொருளே மிஞ்சியது. அக்கருவி செய்வது வாயிற்காவலரின் வேலை. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற விதிகளை வைத்துக்கொண்டு வருவோர் போவோரைச் சோதிக்கிறது. உள்ளே விட்டவர் பின்னர்ச் செய்யும் எல்லாவற்றுக்கும் காவலர் பொறுப்பாக முடியாது. பயனர் தம் கையாலேயே நிறுவிய தீய செயலியைப் பல வேளைகளில் அது தடுக்காமல் போவதும் அதனால்தான். திருக்குறளில் அரணுக்கென ஓர் அதிகாரமே வைத்த மொழிக்கு நெருப்புச் சுவரை இரவல் வாங்கும் தேவை எங்கிருந்து வந்தது?

ஆபத்தில்லாத இடங்களிலும் அறியாமைக்கு விலை உண்டு. "வைஃபை இருக்கிறது, நெட் இல்லை" என்று வீடுகளில் சொல்வது வழக்கம். அந்த வாக்கியத்துக்குள் ஒரு நல்ல பாடம் அடங்கியிருக்கிறது. வைஃபை என்பது கைப்பேசிக்கும் மூலையில் உள்ள பெட்டிக்கும் இடையிலான வானொலித் தொடர்பு மட்டுமே. பெட்டிக்கு அப்பால் ஊரோடும் உலகோடும் உள்ள தொடர்பு வேறு. வீட்டுக் குழாயும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் வேறுவேறு என்பது போல. தொட்டி வறண்டிருக்கும்போது குழாயை மாற்றிப் பயனில்லை. இழைவழி வரும் ஒளியைக் கணினிக்குரிய குறிகையாக மாற்றுவது ஒரு வேலை. உள்வீட்டுக் கருவிகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்திப் பொட்டலங்களை உரிய வழியில் அனுப்புவது மற்றொரு வேலை. முன்னதற்கு நிகரான வேலையைத் தொலைபேசிக் கம்பி நாளில் மோடம் செய்தது. பின்னதை ரூட்டர் செய்கிறது. இன்று இரண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் நிலைத்துவிட்டது.

வேகக் கணக்கும் அப்படியே. விளம்பரத்தில் உள்ள 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். கோப்பின் அளவோ பைட்டில் சொல்லப்படுகிறது. எட்டுப் பிட் ஒரு பைட் என்பதால், அந்த இணைப்பில் நொடிக்கு அதிகம் போனால் 12.5 மெகாபைட் இறங்கும். இதனை அறியாதவர் முறையான வேகத்தைப் பெறும்போது ஏமாந்ததாக எண்ணுவார். உண்மையிலேயே வேகம் குறையும்போது அதை நிறுவிக் காட்டும் வழியறியார். அகலப்பட்டை என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என இந்திய அரசு 2023இல் வரையறுத்தது. அந்த அளவுகோலை வைத்து முறையிட வேண்டியவர் நுகர்வோர். அலகையே அறியாதவர் எதை வைத்து முறையிடுவார்?

இவ்வாறு விளக்குவதை எதிர்த்துக் கல்விப்புலத்தில் மூன்று தரப்பினர் வாதிடுகின்றனர்.

முதல் தரப்பினர் தனித்தமிழ் ஆர்வலர். தரப்படுத்திய தூய சொல் முதலில் வேண்டும், விளக்கம் பிறகு வரட்டும் என்பர். வரலாறு இவர்களுக்குச் சாதகமாக இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். சொல் நிலைபெறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கற்பித்தலும் நூலாக்கமும் சொல்லாக்கமும் சேர்ந்தே நடந்தன. வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைக்கவும் தயங்கவில்லை. மறுபுறம், 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். அரிய முயற்சி, ஆனால் அதன் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சொல் தமிழர்க்கு, விவாதம் ஆங்கிலத்தில் என்ற பிளவு அன்றே தொடங்கிவிட்டது. அதே இராசாசி பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' எழுதி, சொற்பட்டியலிலிருந்து திண்ணைக்கு இறங்கி வந்தார். சங்கம் செய்ய இயலாததை அந்தச் சிறுநூல் செய்தது.

இரண்டாம் தரப்பினர் நடைமுறைவாதிகள். ரூட்டர், வைஃபை, சர்வர் எல்லாம் தமிழாகிவிட்டன, இனி என்ன விளக்கம் என்பர். சொல்லை உச்சரிப்பதும் பொருளை அறிவதும் ஒன்று என்ற மயக்கத்தில் இவர்களும் முதல் தரப்பினரின் உடன்பிறந்தாரே. 'திசைவி' என்றாலும் 'ரூட்டர்' என்றாலும் அது என்ன செய்கிறது என்று தெரியாத வீட்டில் இரண்டும் வெற்றொலிகள். எந்தச் சொல் வேண்டும் என்று இரு தரப்பினரும் பல்லாண்டாகப் பொருதுகின்றனர். பொருள் வேண்டி நிற்பவர் வாசலிலேயே காத்திருக்கிறார். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இணையதளமும் வென்றது எப்படி என்பதையாவது இவர்கள் எண்ணிப்பார்க்கலாம். நாளிதழிலும் விண்ணப்பப் படிவத்திலும் திரையிலும், செயலோடு சேர்த்து, மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டதால் அவை வென்றன.

மூன்றாம் தரப்பினரே மிகுதி. வெளிப்படையாக வாதிடாதவர்களும் அவர்களே. "இது ஆய்வன்று, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை செய்ய வேண்டிய வேலை" என்ற மௌனம் அவர்களுடையது. பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் ஆய்வுக்கட்டுரைக்கு உள்ள எடை வீட்டுக் கையேட்டுக்கு இல்லை என்ற கணக்கும் அம்மௌனத்துக்குள் இருக்கிறது. மைசூருவே இதற்கு மறுமொழி சொல்லும். விடுதலைக்கு முன்பே மைசூருப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிற்றூர்களுக்குச் சென்று கன்னடத்தில் பொதுமக்களுக்கு உரையாற்றினர். அவ்வுரைகள் சிறுநூல்களாக அச்சாயின. பல்கலைக்கழகத்தின் பிரசாராங்கம் அந்த மரபைத் தாங்கி வந்தது. அறிவைப் பரப்புவது அறிஞரின் தகுதிக்குக் குறைவானது என்று அவர்கள் கருதவில்லை. அந்த மரபு வளர்ந்த ஊரில், அதன் அண்டையிலேயே, இந்திய மொழிகள் அனைத்துக்குமான நிறுவனம் அமைந்திருக்கிறது.

உரிமையின் மொழியிலும் இதைச் சொல்லலாம். எண்ணிம வழி அணுக்கம் அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோரும் பார்வைக் குறைபாடுடையோரும் இணையவழிச் சரிபார்ப்பில் பட்ட இடர்களிலிருந்து எழுந்த வழக்கு அது. அணுக்கம் உரிமை எனில், அணுகியபின் திரையில் கேட்கப்படும் அனுமதி எதற்கானது என்று அறிவதும் உரிமையே. புரியாத மொழியில் கேட்கப்பட்டு அளிக்கப்படும் ஒப்புதல் கைநாட்டுக்கு நிகரானது. கைநாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கொண்ட கதைகள் தமிழ்ச் சமூகத்துக்குப் புதியன அல்ல.

செய்ய வேண்டியவை பெரும் பொருட்செலவு கோருபவை அல்ல. தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் 'அறிவு நூல்' என்ற வரையறைக்குள் வீட்டுப் பயனருக்கான கையேட்டையும் கொண்டுவர வேண்டும். அதை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்காமல் ஒவ்வொரு மொழியிலும் புதிதாக எழுதச் செய்ய வேண்டும். பாரதவாணியில் ஏறும் ஒவ்வோர் இணையக் கலைச்சொல்லோடும் மூன்று குறிப்புகள் சேர வேண்டும்: மக்கள் வாயில் வழங்கும் சொல் எது, அப்பொருள் என்ன செய்கிறது, எதனோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மொழி அறியாதவருக்குப் படிப்படியாக மொழி கற்பிக்கும் கலையைத் தென்மண்டல மொழி மையம் பல்லாண்டாகப் பயின்றிருக்கிறது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் அந்தப் பாட வரிசையை வலையமைப்புக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

தமிழ்த் துறைகளும் தம் பங்கைச் செய்யலாம். கலைச்சொல்லாக்கத்தில் முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவர், சொற்களைத் தொகுத்து வகைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார். அவர் தாம் எழுதிய ஒரு பக்க விளக்கத்தைப் பத்து வீடுகளில் படித்துக் காட்டி, எது புரிந்தது, எது புரியவில்லை என்று பதிவுசெய்தால், அதுவே மொழியியலுக்குப் புதிய தரவு. எந்தச் சொல் பொருளைத் தந்தது, எந்தச் சொல் மறைத்தது என்பதற்குக் குழுக்கூட்டத்தின் கைதூக்கலைவிட அது உறுதியான சான்று. கணினித் துறை மாணவர் அவரோடு இணைந்தால் மைசூருவின் இரு வளாகங்களுக்கும் இடையில் இல்லாத பாலம் ஏதேனும் ஒரு கல்லூரியிலாவது அமையும்.

உலகத் தமிழர் கணினித் தமிழில் பின்தங்கியவர் அல்லர். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், இன்று தமிழ் எழுத்திலேயே முடியும் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற பெயர் ஈறுகளும் அதற்குச் சான்று. இணையத்துக்குள் தமிழ் எழுத்தைக் கொண்டுசெல்லும் போர் பெருமளவு வெல்லப்பட்டுவிட்டது. இணையத்தைத் தமிழுக்குள் கொண்டுவரும் வேலை தொடங்கவே இல்லை எனலாம். .இந்தியா என்ற ஈறு இருக்கிறது. ஈற்றிலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

அடுத்த கலைச்சொல் குழு கூடும்போது, புதிய சொல் ஒன்றை முன்மொழிபவர் அதன் வேர்ச்சொல் காரணத்தைச் சொல்வதற்கு முன், அச்சொல்லைக் கொண்டு ஒரு முதியவர் எந்த இழப்பிலிருந்து தப்புவார் என்று சொல்லட்டும். விடை இருந்தால் சொல் நிற்கும். விடை இல்லையெனில், அன்று மாலை அந்த முதியவரின் தொலைபேசி ஒலிக்கும். மறுமுனையில் இருப்பவர் தெளிவான தமிழில், பொறுமையாக, தம் பாடத்தைத் தொடங்குவார்.